மறு: 'உருமாற்றம்' போதாது; 'வேற்றிழையம்' என்னும் பரிந்துரை

கலைச்சொல் அகராதிக் குழுவினர்க்கு வணக்கம்.

ஓரிடத்தில் இருக்கவேண்டிய முதிர்ந்த செல்வகையின் இடத்தில் வேறொரு முதிர்ந்த செல்வகை வந்து நிற்பதாகிய மெட்டாபிளேசியாவுக்கு 'உருமாற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாம், அது பழகிய சொல் என்று ஐயா எழுதியிருந்தார்கள். அது பழகிய சொல்லாக இருப்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு பொருள். கொரோனாக் காலத்துச் செய்தித்தாளைப் படித்தவருக்கு, கிருமியின் மரபணு மாறிப்போனது என்று வேறொரு பொருள். சென்ற ஆண்டு என் பெரியப்பாவின் இரைப்பையிலிருந்து உள்நோக்கி வழியே எடுத்த சதைத்துணுக்கின் ஆய்வறிக்கை வந்தபோது, அதிலிருந்த தொடரைக் 'குடல் உருமாற்றம்' என்று பெயர்த்துச் சொன்னவன் நான்தான். அவர் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்போ புத்து வந்தாச்சுன்னு சொல்லு" என்றார். வந்திருக்கவில்லை. அதை அவர் நம்பும்படி விளக்க இரண்டு நாள் ஆயிற்று.

அந்த அறிக்கை சொன்னது இவ்வளவுதான்: இரைப்பையின் உட்சவ்வில் இருக்கவேண்டிய செல்களின் இடத்தில், குடலில் இருக்கவேண்டிய செல்கள் நிற்கின்றன. ஆல்சியன் நீலச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், சாயம் பிடிக்காத இரைப்பைச் சவ்வின் நடுவே, குடலில் சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் மட்டும் நீலக் குமிழிகளாகத் தெரியும். அச்செல்கள் கெட்டுப்போனவை அல்ல. முழுமையாக முதிர்ந்தவை, குடலில் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இருக்கும் இடம்தான் தவறு.

கொலம்பிய நோயியலர் பெலாயோ கொரெயாவும் சகாக்களும் 1975-இல் முன்வைத்துப் பின்னர் விரித்த படிவரிசையில் இது நடுப்படி. நாட்பட்ட அழற்சி, சுரப்பிகள் அருகிப்போகும் நலிவு, அதன்பின் இது, அடுத்துச் செல்களின் வடிவும் ஒழுங்கும் கெடும் பிறழ்வளர்ச்சி (டிஸ்பிளேசியா), கடைசியில் புற்று. இவ்வரிசையைப் பெரும்பாலும் தொடங்கிவைப்பது இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1994-இல் அது, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவை அடங்கிய புற்றூக்கிகளின் முதல் வகையில் சேர்க்கப்பட்டது. ஆனால் படிக்குப் படி இடைவெளி ஒன்றல்ல. நெதர்லாந்தில் நாடு முழுவதும் திரட்டிய நோயியல் பதிவுகளைக் கொண்டு 2008-இல் வெளியான ஆய்வின்படி, கண்டறிந்த பின் வந்த ஐந்தாண்டுகளில், நடுப்படியில் இருந்தோருள் ஆண்டுக்கு 0.25 விழுக்காட்டினருக்கே இரைப்பைப் புற்று வந்தது. கடும் பிறழ்வளர்ச்சி இருந்தோருக்கோ அது 6 விழுக்காடு. இந்த இரண்டையும் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லால் சுட்டினால் இருபத்துநான்கு மடங்கு வேறுபாடு மறைந்துவிடும்.

அம்மையார் பரிந்துரைத்த 'திரிபு' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களில், பொற்குடத்தில் னகரம் றகரமானதைப் போல ஓர் எழுத்தின் இடத்தில் முறையான வேறோர் எழுத்து வந்து நிற்பதே திரிதல். மெட்டாபிளேசியாவுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆயினும் பேச்சுவழக்கில் திரிந்த பால் கொட்டவேண்டிய பால். மரபியல் எழுதுவோரும் அச்சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டனர்.

ஆகவே 'வேற்றிழையம்' என்பதை முன்வைக்கிறேன். வேற்றூர், வேற்றாள் என்பவற்றில் உள்ள அதே முன்னடைதான் இது; வேற்றூர்க்காரர் கெட்டவர் அல்லர், இவ்வூர்க்காரர் அல்லர், அவ்வளவே. நிகழ்வைச் சொல்ல 'வேற்றிழையமாதல்'. பெரியப்பாவின் அறிக்கையிலிருந்த தொடருக்குக் 'குடல்வகை வேற்றிழையம்'. இழையம் இலங்கைப் பாடநூற்சொல், தமிழ்நாட்டில் திசு என்றே படிக்கிறோம் என்ற மறுப்பு வரும். 'வேற்றுத்திசு' என்றும் சொல்லிப் பார்த்தேன்; மாற்று அறுவையில் பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்திய திசு போல ஒலிக்கிறது. இழையத்தை இங்கேயும் புழங்கவிடுவதில் எனக்குத் தடையில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் இப்போதே திருத்திவிடுவது நல்லது. 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் சிடிஎச்1 மரபணுப் பழுதோடு தொடர்புபடுத்தப்பட்ட புற்றுக்கு நம் பட்டியலில் 'பரம்பரைப் பரவல் இரைப்பைப் புற்று' என்று இருக்கிறது. 'பரவல்' என்றால் புற்று வேறு உறுப்புக்குப் போய்விட்டது என்றே மக்கள் கொள்வார்கள். உண்மையில், அம்மரபணு தருவதும் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பதுமான ஈ-கேடெரின் புரதம் இல்லாமற்போவதால், முத்திரை மோதிர வடிவச் செல்கள் கட்டியாகத் திரளாமல் சவ்வினூடே தனித்தனியாகக் கலந்து கிடக்கின்றன. மேலே சவ்வு நலமாகத் தெரிவதால் உள்நோக்கிக்கும் அகப்படாமல் போகக்கூடும். இதற்கு 'விரவல்வகை' என்பது பொருந்தும். இவ்வகை கொரெயாவின் படிகளில் ஏறி வருவதும் இல்லை. எனவே வேற்றிழையம் இல்லை என்னும் அறிக்கை அக்குடும்பத்தாருக்கு ஆறுதலாகாது. 'பரம்பரை' என்பதையும் 'மரபுவழி' என்று மாற்றலாம்: பெற்றோருள் ஒருவரிடம் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு, வருவதும் பழுதுதான், புற்று அன்று.

அகராதியில் ஏற்றுமுன் வேற்றிழையத்தை இரைப்பைக்கு வெளியேயும் சோதிக்கவேண்டும். புகைப்போரின் மூச்சுக்குழலில் தூண்செல்களின் இடத்தில் செதிட்செல்கள் வருவதைச் 'செதில்வகை வேற்றிழையம்' என்றால் சரியாக நிற்கிறது. உணவுக்குழாயில் செதிட்செல்களின் இடத்தில் தூண்செல்கள் வரும் பாரெட் நிலைக்கு எழுதிப் பார்த்தேன், இன்னும் நிறைவாக வரவில்லை. உறுப்பினர்கள் முயன்று பார்த்துச் சொல்லவேண்டும்.