அங்கவடி இல்லாமல் டிராட் போனால் தூக்கிப் போடுகிறது

கேள்வி: நான்கு மாதமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) காலை எடுத்துவிட்டு டிராட் (நடைக்கு அடுத்த வேகமான மெல்லோட்டம்) போகச் சொன்னால் கொஞ்ச தூரத்திலேயே சேணத்தில் குலுங்க ஆரம்பித்துவிடுகிறேன், முழங்காலை இறுக்கினால் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

பதில் 1: இறுக்குவதுதான் சிக்கலே! டிராட்டில் குதிரையின் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடி ஜோடியாக ஊன்றுவதால் ஒவ்வொரு முறையும் அதன் முதுகு எழும்பும், அதை உங்கள் இடுப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். காலைத் தொடையிலிருந்து தொங்கவிடுங்கள், மூச்சை அடக்காதீர்கள்.

பதில் 2: வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதியவர்கள், நீளக் கயிற்றில் சுற்றிவரும் குதிரை மேல் அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல்தான் பழகுகிறார்கள். உங்கள் ஆசிரியரையும் கயிறு பிடிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சேணத்தின் முன்பகுதியைப் பிடியுங்கள், வாரில் தொங்கினால் குதிரைக்கு வாய் வலிக்கும், பாவம்.

பதில் 3: மெதுவான டிராட், பத்துப் பன்னிரண்டு காலடி, அப்புறம் நடை. குலுங்கியதும் நிறுத்திவிடுங்கள், குதிரையின் முதுகும் முக்கியம்.

கேட்டவர்: சரி, நாளைக்கே கயிற்றில் முயல்கிறேன். நன்றி!