சிபாப் மெஷின் போட்டதிலிருந்து அப்பாவுக்குக் காது அடைப்பு: கேட்கும் திறன் போய்விடுமா?

காவேரிக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. கடுமையான ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சுத்தடை) என்று சொல்லி ஆட்டோ சிபாப் எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின் அது, அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். அழுத்தம் 6 முதல் 16 வரை, மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது நின்றுவிட்டது, காலைத் தலைவலியும் இல்லை. ஆனால் எழுந்ததும் காது கம்மென்று அடைத்துக்கொள்கிறது, அதிலும் வலது காதுதான் அதிகம். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று சத்தம் கேட்டுக் கொஞ்சம் திறக்கும். முதலில் காபி குடிப்பதற்குள் சரியாகிவிடும். இப்போது மத்தியானம் வரை நிற்கிறது. போனை இடது காதுக்கு மாற்றிவிட்டார். அத்தை தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார். அப்பாவோ, "காது போறதுக்குக் குறட்டையே தேவலை" என்று மெஷினை ஓரம் கட்டப் பார்க்கிறார். என்ன செய்யலாம்?

தூக்கம்தேடி:
அம்மா, நானும் பல வருஷமாக சிபாப் போட்டுத்தான் தூங்குகிறேன். எண்ணெய் வேண்டவே வேண்டாம். அடைப்பு வெளிக்காதில் இல்லை, செவிப்பறைக்கு உள்ளே. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேசியன் குழாய் என்று ஒன்று போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடும். மெஷின் தள்ளும் காற்று அதன் வழியாக நடுக்காதுக்கும் போகும். குழாய் ஒழுங்காக வேலை செய்தால் விழுங்கும்போதே அழுத்தம் சமமாகிவிடும். சளியோ அலர்ஜியோ இருந்து குழாயின் வாய் வீங்கியிருந்தால் சமமாகாது. விமானம் இறங்கும்போது காது அடைப்பதும் இதே கதைதான்.

அப்பாவுக்கு மூக்கடைப்பு உண்டா? மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபயர் ஓடுகிறதா? எனக்கு அதுதான் பெரிய மாற்றம் தந்தது. வறண்ட காற்று இரவெல்லாம் அடித்தால் மூக்கு வீங்கத்தான் செய்யும். அப்புறம், மூச்சு விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. ரெஸ்மெட்டில் அதற்கு ஈபிஆர் என்று பெயர். அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 6, 16 என்ற எண்களில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அது டாக்டர் வேலை.

செவிநலம்:
நான் கேள்வித்திறன் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். ஒரே ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வலது காதில் கேட்பது திடீரென்று குறைந்ததா, மெதுவாகவா? தலைசுற்றல், புதிதாக இரைச்சல் உண்டா? ஓரிரு நாளில் சட்டென்று ஒரு காது மந்தமானால் அதை சிபாப் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அது உள்காது நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அப்பாவை வாய் மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் நடுக்காது அடைப்பு. நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால் அன்றே இஎன்டி மருத்துவரிடம் போங்கள். இது வீட்டில் ஒரு குறிப்புக்கு மட்டும்தான். எப்படி வந்தாலும் ஆடியோகிராமும் (கேட்கும் திறனை அளப்பது) டிம்பனோமெட்ரியும் (செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது) செய்தாக வேண்டும்.

காவேரிக்கரை:
மேடம், மெதுவாகத்தான் குறைந்தது. தலைசுற்றல் இல்லை. முனகச் சொன்னேன், "வலது பக்கம்தான் கூட கேக்குது" என்றார். ஐயா, நீங்கள் சொன்னது சரி. மார்கழிப் பனியில் ஆரம்பித்த தும்மல் இன்னும் நிற்கவில்லை. ஹ்யூமிடிஃபயர் தொட்டியை விற்றவர்கள் தனியாகப் பையிலேயே வைத்திருக்கிறார்கள், மாட்டவே இல்லை.

தூக்கம்தேடி:
மாட்டுங்கள். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதிக் காதைத் திறக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், செவிப்பறைக்கு ஆகாது.

செவிநலம்:
கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட வேண்டாம். சில நாளுக்கு மேல் போனால் அடைப்பு இன்னும் கூடும். இஎன்டி பார்க்கும் வரை மெஷினை நிறுத்தலாமா என்று அப்பா கேட்பார். தூக்க மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். மணிக்கு 38 என்பது சின்ன எண் இல்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரிய சுமை.

காவேரிக்கரை:
இஎன்டி பார்த்துவிட்டு வந்தோம். நரம்பு நன்றாக இருக்கிறது. வலது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். டிம்பனோமெட்ரி கோடு தட்டையாக வந்தது. மூக்கு வழியாகக் கேமரா விட்டும் பார்த்தார், வேறு ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார். தூக்க மருத்துவர் மெஷின் பதிவைப் பார்த்து மேல் வரம்பை 12 ஆக்கினார், அதிலும் மூச்சுத்தடை கட்டுக்குள் இருக்கிறதாம். ஹ்யூமிடிஃபயர் ஓடுகிறது. இடது காது இப்போது அடைப்பதில்லை. வலது பாதி தேவலை. அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் மாஸ்க் போடுகிறார், ஆனால் போடுகிறார். கேமரா எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

செவிநலம்:
நல்ல மருத்துவர். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்தால், மூக்கின் பின்பக்கத்தில் கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது இல்லை என்றாகிவிட்டது, நிம்மதி. ஸ்ப்ரேயை மூக்குத்தண்டின் நடுச்சுவரில் அடிக்காமல், நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். 3 மாதம் ஆகியும் நீர் வற்றவில்லை என்றால் அவரிடமே மறுபடி போங்கள். செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதைப் பற்றி அப்போது பேசுவார்.