புதுப்பிப்பு: குனியாமல் படகை நீரில் இறக்க வழி கிடைத்தது

முழங்கால் அறுவைக்குப் பிறகு குனிய முடியவில்லை, ஒரு மீட்டர் நீள ரிமோட் பாய்மரப் படகை ஏரியில் எப்படி இறக்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரிலிருந்து கரைவரை கோல்ஃப் தள்ளுவண்டி. மறு கையில் கைத்தடி. இறக்க முதலில் முயன்ற கயிற்றுத் தூளி பாயில் சிக்கியது. கைகொடுத்தது பிவிசி குழாய்க் கவைதான்: நீளமான கைப்பிடி, அடியில் ஸ்பாஞ்ச் சுற்றிய இரண்டு கரங்கள். படகின் அடியில் செங்குத்தாக நீளும் தகடான கீலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. படகு 4 கிலோ. கைப்பிடியைச் செங்குத்தாகப் பிடித்தால் பாரம் தெரியவில்லை.

எதிர்பாராதது ஒன்று. குழாய் மிதந்து படகைச் சாய்த்தது. கரங்களில் ஆறேழு துளை போட்டேன். குமிழி விட்டபடி அமிழ்ந்தது. அப்புறம், காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்தே இறக்குங்கள், பாயின் அடிக்கழி கைப்பிடியில் இடிக்காது. கீல் 42 செ.மீ. இறங்குவதால் கரையோரம் அரை மீட்டர் ஆழமாவது வேண்டும்.