ஏரியின் மேட்டுப்பக்கம்: நடைபாதையா, வெட்டிவேரா?

ஆலமரத்தடி:
எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள். அள்ளும் மண்ணைக் கொண்டு சுற்றிலும் கரை போட்டு, மேலே நடைபாதையாம். நம் ஏரிகளுக்குப் பள்ளத்துப் பக்கம்தான் கரை, மேட்டுப்பக்கம் திறந்தே கிடக்கும். மழைத்தண்ணீர் வரத்துக்காலில் மட்டுமா வருகிறது? அந்தச் சரிவு முழுக்க வழிந்து இறங்குகிறது. அங்கே கரை போட்டால் வரும் தண்ணீரை நாமே மறிக்கிறோம். அதை விட்டுவிட்டு உள்வாய் ஓரம், அதாவது தண்ணீர் இறங்கும் அந்த மேட்டுப்பக்க விளிம்பில், கோரை, நாணல், வெட்டிவேர், சற்று மேலே நீர்மருது, புங்கன் என்று 50 அடி அகலத்துக்கு ஒரு பசும்பட்டை விடலாம். வயல் மண்ணும் உரமும் ஏரிக்குள் போகாமல் அங்கேயே தங்கும்.

காணிநிலம்:
50 அடி யார் நிலத்தில்? உள்வாயை ஒட்டி எங்களுக்கு இருப்பதே முக்கால் ஏக்கர். புதர் மண்டினால் பன்றி வந்து கடலையைத் தோண்டும். அதற்கு யார் பொறுப்பு?

ஆலமரத்தடி:
அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2015-இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். ஏரி, ஆற்றோரம் சராசரியாக 50 அடி, குறைந்தது 30 அடி.

காணிநிலம்:
அங்கே ஒருவரிடமே நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும், 50 அடி போனால் தெரியாது. நடைபாதை வந்தால் எனக்கு வயலுக்குப் போக வழியாவது கிடைக்கும்.

மதகடி:
பாசனப் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கரைமேல் மட்டும் மரம் வேண்டாம். வேர் செத்து மக்கினால் அந்தத் துளை வழியே தண்ணீர் கசிந்து உடைப்பெடுக்கும். மேட்டுப்பக்கம் வையுங்கள், நல்லது. மண்ணில் ஒட்டி வரும் பாஸ்பரஸ் புல்லில் தங்கும். நிலத்தடியில் கசிந்து வரும் நைட்ரேட்டை வேரடி ஈரமண்ணின் நுண்ணுயிர்கள் வாயுவாக்கி விட்டுவிடும். ஆனால் தண்ணீர் பரவி, மெதுவாக வர வேண்டும். ஓடையாகக் கீறிக்கொண்டு வந்தால் எந்தப் புல்லும் பிடிக்காது. வரத்துக்காலில் தெருச் சாக்கடையை விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

காணிநிலம்:
அப்படிக் கேளுங்கள் ஐயா! புது நகர்ச் சாக்கடை வரத்துக்காலில்தான் விழுகிறது. ஏரி நாறினால் மட்டும் பழி எங்கள் யூரியா மேல்.

ஆலமரத்தடி:
சாக்கடையைத் திருப்பத்தான் வேண்டும், அதில் சண்டையே இல்லை. ஆனால் போன மழைக்கு நீங்களும் பார்த்திருப்பீர்களே அண்ணா. சீமைக்கருவேலத்துக்கு அடியில் ஒரு புல் கிடையாது, வெறும் தரை. அந்தப் பக்கம் தண்ணீர் செங்காவிக் கரைசலாக இறங்கியது. கோரை நிற்கும் வடக்கு மூலையில் கால்விரல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. பட்டாவைத் தொட வேண்டாம், அந்தக் கருவேலம் நிற்கும் புறம்போக்கு போதும்.

காணிநிலம்:
கருவேலங்காயைத் தின்றுதான் கோடையில் ஆடுகள் பிழைக்கின்றன. வெட்டிவிட்டுக் கன்று வைத்தால் ஆடு விடுமா?

மதகடி:
வெளிவரிசைக்கு நொச்சி போடுங்கள், ஆடு வாய் வைக்காது. உள்ளே வளரும் புல்லை அவ்வப்போது அறுத்து மாட்டுக்குப் போடலாம். போட்டே ஆக வேண்டும். அறுத்து எடுத்தால்தான் புல்லில் ஏறிய உரச்சத்தும் வெளியே போகும். அங்கேயே மக்கினால் திரும்ப ஏரிக்குத்தான்.

காணிநிலம்:
அறுக்கிற உரிமை உள்வாய்ப் பட்டாக்காரர்களுக்கு என்று கிராம சபைத் தீர்மானத்தில் எழுதட்டும், பேசலாம். அதுவும் சாக்கடையைத் திருப்பிய பிறகு.

ஆலமரத்தடி:
திருப்பும்வரை காத்திருந்தால் இந்த ஐப்பசி மழையும் போய்விடும். கன்று எப்போது வைப்பது?