ஃபவுண்டேஷன் கதைகள்: எது மேலே, எது கீழே? படித்தவர்கள் சொல்லுங்கள்

பெரட்டு மணி

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் அறிவியல் புனைகதை வரிசைக்குத் தரம் போடுவோம் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் தொடங்கி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. விண்மீன் பேரரசு சரியப்போகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்ன ஹாரி செல்டன், அடுத்த பேரரசுக்குத் திட்டம் போட்டு டெர்மினஸ் என்ற கிரகத்தில் ஃபவுண்டேஷனை நிறுவுகிற கதை அது. முடிந்தபாடில்லை. சண்டைக்குக் காரணம் ரசனை அல்ல, எண்ணிக்கை. ஒருவர் புத்தகத்துக்கு மார்க் போடுகிறார், பக்கத்து நாற்காலிக்காரர் கதைக்குப் போடுகிறார். ரப்பர் பாலையும் உறைந்த கட்டிப்பாலையும் ஒரே விலைக்கு நிறுத்த மாதிரிதான் கணக்கு வரும்.

முதல் மூன்று புத்தகமும் நாவல் இல்லை. 1942 மே மாதம் தொடங்கி 1950 ஜனவரி வரை அஸ்டவுண்டிங் இதழில் வந்த 8 கதைகள். 1951-இல் புத்தகமாக்கும்போது முன்னால் சேர்க்க புதிதாக ஒன்று எழுதினார், அது தி சைக்கோஹிஸ்டோரியன்ஸ். ஆக மொத்தம் 9. 1951-இல் வந்த ஃபவுண்டேஷனில் 5, 1952-இல் வந்த ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயரில் 2, 1953-இல் வந்த செகண்ட் ஃபவுண்டேஷனில் 2. அதற்குப் பிறகுதான் உண்மையான நாவல்கள்: ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ் (1982), ஃபவுண்டேஷன் அண்ட் எர்த் (1986), ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன் (1988), அவர் இறந்த மறுவருடம் வந்த ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன் (1993). 9-உம் 4-உம் 13. இந்த 13-ஐத்தான் வரிசைப்படுத்த வேண்டும், ஏழு அட்டைகளை அல்ல.

பெயரில் ஏமாறாதீர்கள். இதழில் வந்த பெயர் வேறு, புத்தகத்தில் உள்ள பெயர் வேறு. பிரைடில் அண்ட் சேடில் என்பதும் தி மேயர்ஸ் என்பதும் ஒரே கதை. டெட் ஹேண்ட் என்றால் தி ஜெனரல். தி பிக் அண்ட் தி லிட்டில் என்றால் தி மெர்ச்சண்ட் பிரின்சஸ். போன வாரம் ஒரு சீட்டில் இரண்டு பெயருக்கும் தனித்தனி மார்க், அதிலும் ஒன்றுக்கு 9, மற்றதற்கு 6! பழைய ஏஸ் பதிப்பு கையில் கிடைத்தால் இன்னும் மோசம். 1955-இல் முதல் புத்தகத்தைச் சுருக்கி 'தி 1,000 இயர் பிளான்' என்று போட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஃபவுண்டேஷனுக்கு மார்க் போடக்கூடாது.

என் வரிசையின் தலை: தி மியூல், தி மேயர்ஸ், சர்ச் பை தி ஃபவுண்டேஷன், தி ஜெனரல். அடியில் தி ட்ரேடர்ஸ். இனி அடிக்கலாம்.

ஜாலோங் ரோடு

மணி அண்ணே, மியூல் முதலிடம், சரி. ஆனால் அது தன் காலில் நிற்கிற முதலிடம் இல்லை.

செல்டன் முன்னமே பதிவு செய்து வைத்த பேச்சு உரிய நேரத்தில் தோன்றும் இடம்தான் காலப் பெட்டகம். அந்தக் காட்சியைப் பாருங்கள். டெர்மினஸ் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மியூல் என்ற படையெடுப்பாளனின் படை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 300 வருஷம் முன்னால் செத்துப்போன ஹாரி செல்டனின் உருவம் சக்கர நாற்காலியில் தோன்றிப் பேசுகிறது. பேச்சு முழுக்க உள்நாட்டுக் கலகத்தைப் பற்றி, வியாபாரிகளுக்கும் தலைநகருக்கும் நடந்த சண்டையைப் பற்றி. அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கிழவர் அமைதியாகத் தப்பான விடையைச் சொல்லிக்கொண்டே போகிறார். பிறகு கைக்கடிகாரங்கள் நின்றுபோகின்றன.

இந்தக் கடிகாரம் நிற்கிற இடத்தில் வயிறு கலங்க வேண்டுமென்றால் செல்டன் சரியாகச் சொல்லி முன்னே பார்த்திருக்க வேண்டும். வாசகன் அவரைப் பெட்டகத்தில் நேரில் பார்ப்பதே அதற்கு முன் இரண்டு தடவைதான். ஃபவுண்டேஷன் தொடங்கி 50-ஆம் வருஷம் தி என்சைக்ளோபீடிஸ்ட்ஸில், 80-ஆம் வருஷம் தி மேயர்ஸில். இது மூன்றாவது. அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக மியூலுக்கு வந்தவர்களின் மார்க்கைத் தனியாக வையுங்கள். அவர்களுக்கு அது வெறும் துப்பறியும் கதை.

செல்டன் திட்டத்தைக் குலைத்துப் பார்க்கச் சொன்னது இதழாசிரியர் ஜான் கேம்பல். அசிமோவுக்கு முதலில் அதில் இஷ்டமில்லை. ஆசிரியர் பிடிவாதம் பிடித்து நல்லது நடந்த சில இடங்களில் இது ஒன்று.

முடிச்சைச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை படிக்கும்போது ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, பயணக் குழு போகிற ஊர்கள் எந்த வரிசையில் தளர்ந்து விழுகின்றன என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மூணாம் லயம்

ட்ரேடர்ஸ் கடைசியா? அண்ணே, நீங்க படிக்கிற கணக்குல சொல்றீங்க. சொல்ற கணக்கு வேற.

நம்ம வட்டத்துல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் புத்தகம் ஓடாது, தமிழ்ல வாயால கதை சொல்றோம். வாய்க்கு வர்ற வரிசை இது: முதல்ல ட்ரேடர்ஸ். அரை மணி நேரத்துல முடியும், ஆள் கொஞ்சம்தான், பேரும் சின்னது. இரும்பைத் தங்கமாக்குற ஒரு பெட்டியைக் காட்டி வியாபாரி ஒருத்தன் சிறையில இருக்கிற கூட்டாளியை மீட்கிறான். ரசவாதம்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். சித்தர் கதை கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். அடுத்தது மேயர்ஸ். பூசாரி சபிச்சதும் போர்க்கப்பல் நடுவானத்துல விளக்கணைஞ்சு நிக்கிற இடத்துல கிழவிங்க கூட நிமிர்ந்து உக்காருவாங்க.

என்சைக்ளோபீடிஸ்ட்ஸ் வாயால சொன்னா தூங்கிடுவாங்க. எல்லாமே கூட்டம், தீர்மானம். ஒரு இடத்தை மட்டும் விட்டுடாதீங்க. பேரரசோட தூதர் அஞ்சு நாள் தங்கிப் பேசினதை ஒருத்தர் தர்க்கக் கணக்குல போட்டுச் சலிக்கிறார். ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டதை எல்லாம் கழிச்சதும் மிச்சம் ஒண்ணுமே இல்ல. தேர்தல் மாசத்துல இதை மட்டும் தனியா சொல்லலாம்.

பெரிய கூட்டம் எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டியே சொல்ற செல்டன் கணக்குக்குப் பேரு சைக்கோஹிஸ்டரி. அதை 'உளவரலாறு'ன்னா யாருக்கும் ஏறாது. நாடி ஜோசியம்னு நினைச்சுக்கிட்டா கதையே கெட்டுது, ஏன்னா ஜோசியம் தனி ஆளுக்கு. நாலு நம்பர் லாட்டரிக் கடையை வெச்சுச் சொல்லுங்க. இந்த வாரம் யாருக்கு விழும்னு கடைக்காரனுக்குத் தெரியாது. வருஷக் கடைசியில கடைக்கு எவ்வளவு நிக்கும்னு கிட்டத்தட்டத் தெரியும். செல்டன் கணக்குக்கு இரண்டு நிபந்தனை: கூட்டம் பெருசா இருக்கணும், கூட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியக்கூடாது. முதல் நிபந்தனையைச் சொன்னாலே மியூல் ஏன் ஆபத்துன்னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒத்தை ஆளு.

கிராணி வீட்டுப் பேரன்

மார்க் போடும் முறையே தப்பு என்பது என் கட்சி. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சிலர் 6-இலிருந்து 8 வரை மட்டுமே நடமாடுவார்கள், சிலர் 2-உம் 10-உம் மட்டும்தான். கூட்டிச் சராசரி எடுத்தால் கத்துகிறவர் ஜெயிப்பார்.

13 சீட்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கதைப் பெயர். முதல் இரண்டை ஒப்பிட்டு நல்லதை மேலே வையுங்கள். அடுத்த சீட்டை வரிசையின் நடுச் சீட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதைவிட நல்லதா, மேல் பாதிக்குப் போகட்டும். இல்லையா, கீழ்ப் பாதி. அந்தப் பாதியின் நடுவோடு மறுபடி. கடைசிச் சீட்டுக்குக் கூட நாலு கேள்விக்கு மேல் தேவைப்படாது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 78 கேள்வி, இப்படிச் செய்தால் அதிகபட்சம் 37. ஒரு தே தாரிக் டீ ஆறுவதற்குள் முடியும்.

பிறகு ஒவ்வொரு கதைக்கும் ஆளாளுக்குக் கொடுத்த இட எண்களை ஏறுமுகமாக எழுதி நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம். படிக்காத கதையின் சீட்டைக் கட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், கடைசியில் சொருகக்கூடாது.

பெரிய கோளாறு வேறு. ஃபவுண்டேஷன் அண்ட் எர்த் எப்போதும் தகுதிக்கு மேல் மார்க் வாங்கும். 12 பேர் தொடங்கி 4 பேர் அதுவரை வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 பேரும் பைத்தியங்கள் (நல்ல அர்த்தத்தில்). பிடிக்காத 8 பேர் முன்னாலேயே இறங்கிவிட்டதால் அவர்கள் ஓட்டு விழவே இல்லை. அதனால் இரண்டு பட்டியல்: 13-உம் படித்தவர்கள் போட்டது ஒன்று, முதல் 9 மட்டும் எல்லாரும் போட்டது ஒன்று. இரண்டையும் கலக்காதீர்கள்.

விருதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு: 1966-இல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று ஹியூகோ கொடுத்தது முதல் மூன்று புத்தகத்துக்கு. மற்ற நாலும் அப்போது எழுதப்படவே இல்லை. எட்ஜ் 1983-இல் தனியாக, சிறந்த நாவலுக்கான ஹியூகோ வாங்கியது.

செம்பனை அக்கா

சர்ச் பை தி ஃபவுண்டேஷனுக்கு இரண்டு பேர் மிகக் குறைந்த இடம் கொடுத்திருந்தார்கள். காரணம் கதையில் இல்லை, புத்தகத்தில். வட்டத்தில் சுற்றுகிற செகண்ட் ஃபவுண்டேஷன் பிரதியில் பின்னட்டையோடு கடைசித் தாள்கள் கழன்றிருக்கின்றன. அந்தக் கதை தன் கேள்விக்கு இரண்டு விடை வைத்திருக்கிறது. ஒரு அத்தியாயத்தின் தலைப்பே 'திருப்தி தந்த விடை' என்று பொருள்படும், அடுத்ததின் தலைப்பு 'உண்மையான விடை'. அந்தக் கடைசி அத்தியாயம் சில பக்கம்தான். அது இல்லாவிட்டால் வாசகன் முதல் விடையோடு வீட்டுக்குப் போய்விடுகிறான், 14 வயது ஆர்கேடி பள்ளிக் கட்டுரையைச் சொல்லி எழுதவைப்பதில் தொடங்கிய கதை சப்பென்று முடிகிறது. இரவல் வாங்கும்போது முதலில் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரத்தில் பழைய பேப்பர்பேக்குக்கு முதுகுப் பசைதான் முதலில் போகும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், சமையல் பக்கம் வேண்டாம். ராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைக் காற்றுப் போகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லையென்றால் தாளில் வியர்க்கும். கழன்ற தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும்.

கிராணி வீட்டுத் தம்பி சொன்ன எர்த் பற்றி. அதன் முடிவு ரோபோ நாவல்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல், தி நேக்கட் சன், தி ரோபாட்ஸ் ஆஃப் டான், ரோபாட்ஸ் அண்ட் எம்பயர் நாலையும் படிக்காமல் அங்கே போனால், கடைசியில் வருகிறவர் யாரோ ஒரு ஆள். படித்தவருக்கு அது பழைய சிநேகிதம். ஆகவே எர்த்துக்கு மார்க் போடுகிறவர் சீட்டின் பின்னால் 'ரோபோ உண்டு' அல்லது 'ரோபோ இல்லை' என்று எழுதட்டும்.

ப்ரெலூடை முதலில் படிக்கக் கொடுப்பதை நிறுத்துங்கள். கதைக் காலத்தில் அது முதல் என்பது உண்மை, 32 வயது செல்டன் பேரரசின் தலைநகர்க் கிரகமான ட்ரான்டரில் வட்டாரம் வட்டாரமாக ஓடுகிறார். ஆனால் முன்னமே எழுதியவற்றின் ரகசியத்தை அது தன் கடைசிப் பக்கங்களில் போட்டு உடைக்கிறது. எழுதிய வரிசையிலேயே படித்தால் எதுவும் வீணாகாது. ஃபார்வர்டை என் சீட்டு வரிசையில் மூன்றாவதாக வைத்திருக்கிறேன். செல்டன் ஒவ்வொருவராக இழந்து கிழவராகிறார், எழுதியவரும் அதை முடித்த கையோடு போய்விட்டார். அது கதைக்கான மார்க்கா, அனுதாப மார்க்கா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

மூணாம் லயம்

ஒண்ணு சேர்த்துக்கோங்க. 2021-இல வந்த டிவி தொடரைப் பார்த்துட்டு ஓட்டுப் போடுறவங்க இருக்காங்க. ஒரே முகத்தோட மூணு பேரரசர்கள் பிடிச்சிருந்ததுன்னு எழுதியிருந்தா சீட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அது புத்தகத்துலயே கிடையாது.

பெரட்டு மணி

சரி. சீட்டு முறை ஏற்றுக்கொள்கிறேன், 13 பெயரும் நானே வெட்டி எடுத்து வருகிறேன். அக்கா, கடைசித் தாள்களை நகல் எடுத்துப் பிரதிக்குள் சொருகிவிடுங்கள், செலவு வட்டத்துக் கணக்கில்.

தி ஜெனரல் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் ஒரு வார்த்தை. 'நாயகர்கள் ஒன்றுமே செய்யவில்லை' என்று சொல்லித்தான் எல்லாரும் அதைக் கீழே தள்ளுகிறார்கள். லஞ்சம் கொடுக்கப் போனதும் பாழ், ஓடியதும் பாழ். ஆனால் கணக்கைப் பாருங்கள். பேரரசர் பலவீனமானவர் என்றால் பலமான தளபதி அரியணை பக்கம் திரும்புவான். பேரரசர் பலமானவர் என்றால் பலமான தளபதியை விட்டுவைக்கமாட்டார். எப்படிப் போனாலும் டெர்மினஸ் தப்பிக்கும். யாரும் ஒன்றும் செய்யாமல் ஜெயிப்பதுதான் அங்கே கதை. ஆகவே அது 4-லேயே நிற்கும்.

ட்ரேடர்ஸை 13-இலிருந்து 8-க்கு ஏற்றுகிறேன். அதுவும் வாயால் சொல்லக் கேட்டதற்காக.

மூணாம் லயம்

8 ரொம்பக் கம்மி அண்ணே. ஞாயித்துக்கிழமை மறுபடி சொல்றேன், அதுக்கப்புறம் சீட்டை வைங்க.