திருகோணமலையில் இணையம் கற்பிக்க வந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

உப்புவெளி உறுப்பினர்:

எங்கள் பகுதி மாதர் சங்கத்துக்கு இணையத்தளம் அமைக்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஐரோப்பாவிலிருந்து ஓர் இளம் தன்னார்வலர் வந்திருந்தபோது, கணினி வகுப்பு நடத்திவந்த நான் மொழிபெயர்ப்பாளராகக் கூடவே இருந்தேன். இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் பக்கம் திறப்பதையும் படம் ஏற்றுவதையும் அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். சங்கத்துப் பெண்களும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பனையோலைப் பெட்டிகளைப் பற்றிச் செயலாளர் அக்கா முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த விவரத்தை நகலெடுத்து அந்தப் பக்கத்தில் ஒட்டியபோதுதான் வந்தது வினை. திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிறைந்துவிட்டன. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று தன்னார்வலர் பதறினார்; அக்காவோ, "தம்பி, நான் அடிச்சது சரியாத்தானே இருந்தது?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

காரணம் பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகம் முதல் அலுவலகம் வரை நெடுங்காலம் கோலோச்சியது அதுதான். அதில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரியும் சொல்லைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளாகவே சேமித்து வைத்திருக்கும். எழுத்துரு விலகியதும் தமிழும் விலகிவிடும், கூகுளில் தமிழில் தேடுபவருக்கும் அது அகப்படாது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையாகிய யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் தமக்கே உரிய எண்கள் இருப்பதால், எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். பழைய கோப்பை எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. ஆனால் நாளை எழுதப்போகிறவர் அக்கா அல்லவா? இத்தனை வயதில் புதிய விசைப்பலகை பழகுங்கள் என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை என்பதால், விரல்கள் பழகிய அதே பாமினி அமைப்பில் அடித்தாலும் யுனிகோடாக விழும்படி இ-கலப்பை என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக் கொடுத்தோம். என்னைக் கேட்டால், வகுப்பு உண்மையில் தொடங்கியது அதன் பிறகுதான். எங்கள் பக்கம் கற்பிக்க வருகிறவர்கள் வண்ணத்தையும் வடிவமைப்பையும் எடுப்பதற்கு முன், இங்குள்ளவர்களின் பழைய கோப்புகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

சென்னை உறுப்பினர்:

நான் சென்னையிலிருந்து சென்று, நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் படகு விடுகிறவர்களுக்குக் கற்பித்தேன். மே முதல் செப்டெம்பர் வரை அவர்களுக்குத் தொழில் உச்சத்தில் இருக்கும் காலம்; அப்போது வகுப்பு வைத்தால் வெறும் நாற்காலிகளுக்குத்தான் பாடம் நடத்த வேண்டும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறியிருக்கும் மாதங்களே ஏற்றவை. ஒருவரிடமும் மடிக்கணினி இல்லை, எல்லோரிடமும் கைப்பேசி இருந்தது. ஆகவே பாடம் முழுவதையும் கைப்பேசியிலேயே நடத்தினோம்.

இணையப் பக்கத்தை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் குறிச்சொற்களை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மூத்த படகோட்டி ஐயா ஒருவர், "தம்பி, இதால வெள்ளைக்காரர் என்ர போனுக்கு எடுப்பினமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே அன்றைய பாடமாக்கினேன். தொட்டால் அழைப்புச் செல்லும் இணைப்பை எழுதும்போது, உள்ளூர் எண்ணின் முதலில் வரும் சுழியை நீக்கிவிட்டு கூட்டல் குறியோடு 94 என்ற இலங்கையின் நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் தம் நாட்டு எண்ணிலிருந்து அழைக்கும் பயணிக்கு இணைப்புக் கிடைக்காது. வாட்ஸ்அப் இணைப்புக்கும் இதே கதைதான், கூட்டல் குறி மட்டும் வேண்டாம். ஐயா தம் கையாலேயே அந்த வரியைத் திருத்தி, என் இந்திய எண்ணிலிருந்து அழைக்கச் சொல்லி, மணி அடித்ததும் எடுக்காமல் சிரித்துக்கொண்டே வைத்திருந்தார்.

கைப்பேசியில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் பல மெகாபைட் இருந்தன. அவற்றைச் சில நூறு கிலோபைட்டுக்குச் சுருக்கினால்தான் பக்கம் விரைந்து திறக்கும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவே இல்லை. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கிண்ணியா உறுப்பினர்:

இருவருடைய அனுபவங்களும் நல்லவை. எங்களுக்கு நேர்ந்தது வேறு. எங்கள் இளைஞர் கழகத்துக்கு வெளிநாட்டு அமைப்பொன்றின் தன்னார்வலர் தளம் அமைத்துக் கொடுத்தார். டொட் கொம் என்று முடியும் தளத்தின் முகவரிப் பெயரைத் தம் மின்னஞ்சலிலும் தம் வங்கி அட்டையிலும் பதிவு செய்திருந்தார். உதவும் எண்ணத்தில் செய்ததுதான். அவர் நாடு திரும்பிய பிறகு, புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல்கள் அவர் பார்க்காத ஏதோ ஒரு பெட்டிக்குச் சென்றுகொண்டிருந்தன. தவணை கடந்தது; அதன் பின்னும் அளிக்கப்படும் மீட்புக் காலம் கடந்தது; பெயர் பொதுவிற்பனைக்கு வந்தது. கழகத்தின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்த முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் இதை விளக்க நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

இலங்கைக்கே உரிய டொட் எல்கே பெயரையோ, 2010 முதல் நடைமுறையில் உள்ள 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரியையோ உள்நாட்டிலேயே கட்டணம் செலுத்தி எடுத்திருக்கலாம். இப்போது யார் கற்பிக்க வந்தாலும், முதல் நாளில் கழகத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறக்கிறோம். கடவுச்சொல் கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டோடு பூட்டி வைக்கப்படுகிறது. மீட்பு எண்ணாகச் செயலாளரின் கைப்பேசி எண் கொடுக்கப்படுகிறது. செயலாளர் மாறும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு அந்த எண்ணும் மாற்றி ஒப்படைக்கப்படுகிறது.