இரண்டு ஃபியூனரல் ஹோம், ஒரே பில்: அவர்களுக்குள் கைமாறும் பணத்துக்கு விதி உண்டா?

கேள்வி:
அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். சித்தப்பா வேறொரு மாநிலத்துக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர இங்கே உள்ள ஃபியூனரல் ஹோமிடம்தான் (இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்துதரும் நிறுவனம்) பேசினோம், அவர்களே அங்கே இன்னொரு ஹோமைப் பிடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுப்பது, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), விமானத்தில் ஏற்றுவது எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். பில்லில் அந்த ஹோமின் வேலைக்கு ஒரே வரியில் மொத்தமாக ஒரு தொகை எழுதியிருக்கிறார்கள். ஹோம்களுக்குள் தனி ரேட் உண்டு, நம்மிடம் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் அங்கே கட்டுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது சட்டப்படி சரியா? சித்தி இருக்கும் நிலையில் அவரிடம் இதைப் பேசவே முடியாது, நான்தான் பார்க்க வேண்டும்.

பதில் 1:
ஆழ்ந்த இரங்கல். ஹோம்கள் தங்களுக்குள் என்ன ரேட் பேசிக்கொள்கின்றன என்பதில் மத்திய அரசின் விதி தலையிடுவதில்லை. எஃப்டிசி என்ற மத்திய வணிக ஆணையத்தின் 'ஃபியூனரல் ரூல்' 1984இல் அமலுக்கு வந்து 1994இல் திருத்தப்பட்டது, அது பொதுமக்களுக்கு விற்பவர்களுக்கான விதி. ஆனால் அந்தத் தொகையை உங்களிடம் என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதில் விதி நன்றாகவே தலையிடும். பில்லில் அந்த வரி 'கேஷ் அட்வான்ஸ்' என்ற தலைப்பில் இருக்கிறதா பாருங்கள். உங்களுக்காக நாங்கள் வெளியே கட்டிய பணம் என்று அதற்குப் பொருள். அப்படிக் காட்டிவிட்டு மேலே வைத்து வாங்கினாலோ, கிடைத்த தள்ளுபடியைத் தாங்களே வைத்துக்கொண்டாலோ, இந்தச் சேவையை ஏற்பாடு செய்ததற்குக் கட்டணம் வாங்குகிறோம் என்று எந்தெந்தச் சேவைக்கு என்பதையும் சேர்த்து எழுதிக் காட்டியிருக்க வேண்டும். எழுதாமல் வாங்கியிருந்தால் விதிமீறல். எவ்வளவு வைத்தார்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயம் மட்டும் இந்த விதியில் இல்லை, எனக்கு அது பெரிய ஓட்டையாகத்தான் தெரிகிறது.

அந்த வரி அவர்களுடைய சொந்தச் சேவையாக, சொந்த விலையில் இருந்தால் கதை வேறு. வெளியாளிடம் வாங்கியதெல்லாம் கேஷ் அட்வான்ஸ் ஆகிவிடாது, கட்டிய விலைக்கே தருகிறோம் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ காட்டியவை மட்டும்தான் என்று எஃப்டிசி 2007இல் விளக்கம் தந்துவிட்டது. அதனால் பில்லில் உள்ள வார்த்தைதான் இங்கே எல்லாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் நடுவில் போன பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உடலை இன்னொரு ஹோமுக்கு அனுப்புவது, இன்னொரு ஹோமிடமிருந்து பெறுவது ('ரிசீவிங்') இரண்டுக்கும் தனித்தனி விலை, என்னென்ன அடங்கும் என்ற விவரத்தோடு, ஜெனரல் பிரைஸ் லிஸ்ட்டில், அதாவது ஹோமின் விலைப்பட்டியலில், இருந்தாக வேண்டும். ஹோமின் அடிப்படைக் கட்டணம், அதாவது வேண்டாம் என்று நாம் தள்ள முடியாத 'பேசிக் சர்வீசஸ்' கட்டணம், அந்த இரண்டு விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தனியாக இன்னொரு முறை போடக் கூடாது. உங்கள் பில்லில் அது எத்தனை இடத்தில் இருக்கிறது?

கேட்டவர்:
நன்றி. வெளியூர் ஹோமின் தொகை கேஷ் அட்வான்ஸ் பகுதியில்தான் இருக்கிறது, நீங்கள் சொன்ன அறிவிப்பு எங்கேயும் இல்லை. 'ரிசீவிங்' என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே பேசிக் சர்வீசஸ் தனியாக ஒரு வரி. இன்னொரு கவலை, பணம் முழுதாக வந்தால்தான் உடலைத் தருவோம் என்பதுபோல் பேசுகிறார்கள்.

பதில் 2:
அந்த 'ரிசீவிங்' வரி, விமான நிலையத்திலிருந்து வண்டியில் எடுத்துவந்த செலவு மட்டும்தான் என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் விலைப்பட்டியலில் அது அந்தப் பெயரில் தனியாக இருக்க வேண்டும். நேரில் போய்ப் பட்டியலைக் கேளுங்கள், கையோடு எடுத்துப்போகத் தர வேண்டியது அவர்கள் கடமை. வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

பதில் 3:
உடலைப் பிடித்து வைப்பது பற்றி. நிலுவைக்காக உடலைத் தர மறுப்பது பல மாநிலங்களில் உரிமத்துக்கே ஆபத்தான விஷயம். ஒரு ஹோம் இன்னொரு ஹோமுக்குப் பணம் பாக்கி வைத்திருந்தால் அது அவர்கள் இருவருக்கும் உள்ள வழக்கு, அதற்காக ஒரு குடும்பத்தைக் காக்க வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. வாய்ப்பேச்சு வேண்டாம், மறுப்பதாக இருந்தால் காரணத்தை மின்னஞ்சலில் தாருங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லாவிட்டால் உங்கள் மாநிலத்தில் ஃபியூனரல் ஹோம்களுக்கு உரிமம் தரும் அமைப்பை அன்றைக்கே கூப்பிடுங்கள். பல மாநிலங்களில் இதற்குத் தனி போர்டு உண்டு.

அப்புறம், அந்த வெளியூர் ஹோம் அனுப்பிய இன்வாய்ஸின் நகலையும் கேளுங்கள். கொடுத்தால் கணக்கு முடிந்தது. கொடுக்காவிட்டால் பில், விலைப்பட்டியல், உங்கள் மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து அந்த அமைப்புக்கும் எஃப்டிசிக்கும் புகார் போடுங்கள். எஃப்டிசி தனிப்பட்ட பில்லைத் தீர்த்துவைக்காது, ஆனால் இந்த விதியை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் வரக்கூடும் என்பது ஹோம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.